சிற்றில் கட்டுவோரும் சிதைப்போரும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. இவற்றுள் சிற்றிற் பருவத்தின் சங்கதி, இலக்கியத்தில் பயிற்சி இல்லாதவர்களுக்கும் உடனே விளங்கக்கூடியது. சிறுமியர் சிலர் தெருமணலைக் குவித்துச் சிறு வீடு கட்டி, மணலையே சோறாக்கிப் பரிமாறி, பாவைகளைப் பிள்ளைகளாகப் பாவித்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கையில், அவ்வழியே வருகிற பிள்ளை தன் சின்னஞ்சிறு காலால் அதை உதைத்துக் கலைக்கப் பார்க்கிறான். கலைக்க வேண்டாமென்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பண்டிதர்கள் இதில் பக்திச் சுவையைக் காட்டுவார்கள். எனக்கோ, கணினி விளையாட்டுகளில் ஓரளவு பைத்தியம் உண்டாகிவிட்ட இந்த வயதில், வேறொன்று கண்ணில் படுகிறது. கட்டுவது அந்தப் பெண்களுக்கு விளையாட்டு. கலைப்பது அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு. இரண்டும் மெய்யான ஆனந்தமே. மணல் ஒன்றாயிருப்பதுதான் வழக்குக்கெல்லாம் காரணம்.

கணினியில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு தெருவையும் ஊரையும் கொடுத்துவிடலாம். அப்படியிருந்தும், மனித வாழ்க்கையையே விளையாட்டாக்கித் தருகிற நிறுவனங்கள், இன்னமும் 'இப்படித்தான் ஆட வேண்டும்' என்று நம் கையைப் பிடித்து நடத்தவே பிரியப்படுகின்றன. இனி வரப்போகிற வாழ்க்கை விளையாட்டு எப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்பதைப் பற்றி எனக்குச் சில ஆசைகள் உண்டு. அவற்றைச் சாவகாசமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலபுருஷராகச் சொல்லத்தக்கவர் வில் ரைட் என்ற அமெரிக்கர். 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து மலைப்பகுதியில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வீடு சாம்பலாயிற்று. வீட்டை மறுபடியும் எழுப்பி, கரண்டி முதல் கட்டில் வரை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க நேர்ந்தபோது, மனிதனுக்கு எது எதற்காக வேண்டியிருக்கிறது என்ற சிந்தனை அவருக்குள் வேர்விட்டது. கட்டடக் கலையைப் பற்றிக் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் எழுதிய நூலின் செல்வாக்கும் அதனோடு சேர்ந்துகொண்டது. முதலில் அவர் எண்ணியது வீடு கட்டும் விளையாட்டே. கட்டிய வீடு வாழத் தகுந்ததா என்று மதிப்பிடுவதற்காக மட்டுமே அதனுள் மனிதர்களை விட்டார். பசி, சௌகரியம், சுத்தம், இயற்கை உபாதை, தூக்கம், கேளிக்கை, நட்பு, அறையின் அழகு என்று எட்டுத் தேவைகளை அவர்களுக்கு வைத்தார். பரீட்சை அதிகாரிகளாக வந்த அந்தப் பொம்மை மனிதர்கள், வீட்டை விடத் தாங்களே சுவாரசியமானவர்கள் என்று நிரூபித்துவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'தி சிம்ஸ்' வெளிவந்தது. 2004-இல் இரண்டாவதும், 2009-இல் மூன்றாவதும், 2014-இல் நான்காவதும் வந்தன. நான்காவதன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இதை ஆடுகிறவர்கள் மூவர். அடையாறு காந்தி நகரில் இருக்கும் என் தங்கையின் பெண், கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறவள், வீடு கட்டுவதோடு சரி. அதில் யாரையும் குடியேற்ற அவளுக்கு மனம் வருவதில்லை. ஒரு முறை நான் கட்டாயப்படுத்தி ஒரு தம்பதியைக் குடிவைக்கச் சொன்னேன். "மாமா, இவங்க சமைச்சு அடுப்பைப் பத்த வெச்சுடுவாங்க, அப்புறம் கூடமெல்லாம் கரி. நான் இன்னும் ஜன்னலே முடிக்கலை" என்று மறுத்துவிட்டாள். தியாகராய நகரிலிருக்கும் என் தம்பி பிள்ளையோ சிற்றில் சிதைக்கும் பரம்பரையைச் சேர்ந்தவன். பழைய சிம்ஸில் நீச்சல் குளத்தின் ஏணியை எடுத்துவிட்டால், உள்ளே நீந்துகிறவன் கரையேறத் தெரியாமல் சோர்ந்து மூழ்கிப்போவான் என்ற ரகசியத்தை அவன் எட்டாம் வகுப்பிலேயே அறிந்திருந்தான். மூன்றாம் சிம்ஸில் ஏணி இல்லாமலும் கரையேறுவதற்கு அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டபோது, "பெரியப்பா, கேமையே கெடுத்துட்டாங்க" என்று அவன் உண்மையான வருத்தத்தோடு என்னிடம் வந்து முறையிட்டான். நானோ கட்டுவதுமில்லை, கலைப்பதுமில்லை. ஒரு தெருவை உண்டாக்கி, அதிலுள்ளவர்களைத் தம் போக்கில் விட்டுவிட்டு, மயிலாப்பூர் வீட்டு மாடியிலிருந்து தெருவைப் பார்க்கிறவனைப் போல வேடிக்கை பார்க்கிறவன். ஆனால் மூவரும் விலை கொடுத்து வாங்கியது ஒரே விளையாட்டை.

என் போன்ற வேடிக்கைக்காரனுக்கு உள்ள முதல் கஷ்டம், நான் கவனிக்காத வீடுகளில் என்ன நடக்க வேண்டும் என்பது. இரண்டாம் சிம்ஸில் நாம் ஆடும் குடும்பத்துக்குத்தான் வயது ஏறும். அடுத்த வீட்டுப் பையன், நாம் அவன் வீட்டுக்குள் போய் ஆடும்வரை, பையனாகவே நின்றுகொண்டிருப்பான். இங்கே தாத்தாவுக்குச் சதாபிஷேகம் ஆகும்போது, அவருடைய பால்ய சிநேகிதன் எதிர்வீட்டில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருக்கும் விபரீதமும் அதில் நேரும். மூன்றாம் சிம்ஸ் இதற்கு மாற்றாக ஊர் முழுவதையும் தானே ஓட விட்டது. ஆனால் அதில் வேறொரு விபரீதம் வந்தது: நாம் அருமையாக வளர்த்த ஒரு குடும்பம், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போய்விடும். ஒன்று ஊரைச் சிலையாக்கிற்று. மற்றொன்று ஊரை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

நான்காம் சிம்ஸ் இதில் ஓரளவு சமரசத்துக்கு வந்திருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021 கடைசியிலும் 2022-லும் வந்த மாறுதல்களால், எந்த வீட்டில் குழந்தை பிறக்கலாம், எந்த வீட்டார் குடிபெயரலாம், யார் வேலை மாறலாம் என்பதையெல்லாம் வீட்டுக்கு வீடு நாமே நிர்ணயிக்க முடிகிறது. வயது யாருக்கு ஏற வேண்டும், ஆயுள் குறுகியதா நீண்டதா என்பதற்கும் வழியுண்டு. ஆயினும் அங்கே நிகழ்ச்சி உண்டே தவிர, காரணம் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் திடீரென்று ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார் என்று செய்தி வருகிறது; ஏன் எடுத்துக்கொண்டார், எத்தனை நாள் ஏங்கினார், வீட்டில் யார் தடுத்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போதாக்குறைக்கு, முகம் சரியாகப் பழகாத ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, 'நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?' என்று நம்மிடம் யோசனை கேட்கிறார். மயிலாப்பூரில் நடப்பது இதற்கு நேர் எதிர்: இங்கே கேட்காதவர்களுக்குத்தான் இந்த விஷயத்தில் யோசனை சொல்லப்படும்.

ஆகையால் என் முதல் ஆசை இது: நான் தொட்ட வீடு என் இஷ்டப்படியும், தொடாத வீடு தன் ஸ்வபாவப்படியும் நடக்க வேண்டும்; எப்போது எட்டிப் பார்த்தாலும், நான் இல்லாதபோது நடந்ததற்குக் காரணத்தை அந்த வீட்டு மனிதர்களிடமே விசாரித்து அறிந்துகொள்ள முடிய வேண்டும். அப்படி ஒரு வசதி வந்தால், என் தங்கை பெண் ஊரையே நிறுத்திவைத்துவிட்டு மாதக்கணக்கில் ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கலாம். நான் ஊரை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தம்பி பிள்ளையும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்குத் திரியலாம்.

இரண்டாவது ஆசை, வீட்டைப் பற்றியதன்று. வீட்டுக்குள் இருக்கும் வழக்கத்தைப் பற்றியது. தங்கை பெண் ஒரு கோடை விடுமுறையில், மாட வீதியை ஒட்டிய சந்துகளில் இன்னமும் அங்கங்கே எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பார்த்து, அதே மாதிரி ஒன்றை நான்காம் சிம்ஸில் கட்டினாள். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு என்று எல்லாம் அமைந்துவிட்டன. மேல்நாட்டுத் தோட்ட வீட்டை மனத்தில் வைத்துச் செய்த சாமான்களைக்கொண்டு இவ்வளவு சாதித்தது கெட்டிக்காரத்தனந்தான். திண்ணையில் உட்காரவும் முடிந்தது. ஆனால் திண்ணையின் தர்மம் என்ன? முன்பின் தெரியாதவன்கூட யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்து, இளைப்பாறி, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம் என்பதல்லவா? சிம்ஸ் உலகத்திலோ வருகிறவன் யாராயினும் வாசலில் மணியடிக்க வேண்டும். நாம் வரவேற்றால்தான் உள்ளே வரலாம். கவனிக்காமல் விட்டால் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். திண்ணை கட்டியாயிற்று, திண்ணைக்கு ஆள் வரவில்லை. அந்த வீட்டில் அது வெறும் உயரமான பலகையாகவே இருந்தது.

பணத்தின் விஷயமும் இப்படியே. சிம்ஸ் குடும்பத்தில் எத்தனை பேர் சம்பாதித்தாலும் பணப்பெட்டி ஒன்றுதான். பார்க்கும்போது இது கூட்டுக் குடும்ப லட்சணமாகவே தோன்றும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு நிஜம் தெரியும். மூத்தவன் சம்பளத்தை அப்பாவிடம் கொடுப்பான். இளையவன் பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை மறைப்பான். மருமகள் தன் சம்பளத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பாள். பாட்டியின் சுருக்குப் பையிலும் கடுகு டப்பாவிலும் இருப்பது யாருடைய கணக்கிலும் வராது. இந்த நாலு பணப்பைகளுக்கு இடையே நடக்கும் ராஜதந்திரந்தான் அந்த வீட்டின் கதை. பெட்டி ஒன்று என்று விதி செய்துவிட்டால் கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. குடும்பத்துக்கு எட்டுப் பேர் என்ற வரம்பும் அப்படித்தான்: தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், இரண்டு குழந்தைகள், அவ்வளவோடு கணக்கு முடிந்தது. கலியாணமாகாத அத்தைக்கு இடமில்லை.

விளையாட்டுக்காரர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். 2023 மார்ச்சில் வந்த ஒரு விரிவுப் பொதியில் கண்டிப்பான தாய், செல்லம் கொடுக்கும் தகப்பன், ஒட்டாத உறவு என்று குடும்ப பாவங்கள் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றொன்று, தென்கிழக்கு ஆசிய நகரத்தின் சாயலில் ஓர் ஊரை அமைத்து, ஒரே மனையில் ஆறு குடித்தனம் வரை வைக்கலாம் என்றது. பக்கத்துப் போர்ஷனில் பேசுவதை ஒட்டுக்கேட்கவும் அதில் வழி செய்திருந்தார்கள். ஒண்டுக் குடித்தனத்தின் ஜீவநாடியைப் பிடித்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். குறை எங்கே என்றால், ஒவ்வொரு ஆட்ட முறையும் ஒவ்வொரு பொதியாகத் தனி விலைக்கு வருகிறது. வீடு கட்டுவோனுக்கு ஒன்று, குடும்பக் கதை விரும்புவோனுக்கு ஒன்று, குடக்கூலிக்காரனுக்கு ஒன்று என்று வாங்கிச் சேர்த்தால்தான் சுதந்திரம் என்றால், அது பணப்பை அளவே ஆன சுதந்திரம். மாட் என்று சொல்லப்படும் இணைப்புகளை ரசிகர்கள் தாமே செய்து இலவசமாகப் பகிர்கிறார்கள். சேலையும் வேட்டியும் மல்லிகைச் சரமும் பெரும்பாலும் அவர்கள் புண்ணியத்தில்தான் அந்த உலகத்துக்குள் வந்தன. ஆனால் மூல விளையாட்டு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் அந்த இணைப்புகளில் பாதி வேலை செய்யாது.

மூன்றாவது ஆசை, லக்ஷியத்தைப் பற்றியது. வாழ்க்கை விளையாட்டில் வெற்றி என்பது என்ன? வைகுண்ட ஏகாதசியன்று கண்விழிப்பதற்காக நம் வீடுகளில் பரமபத சோபானம் ஆடுவார்கள். அதுவும் வாழ்க்கையைக் காட்டும் விளையாட்டே. ஆனால் பாம்பும் ஏணியும் முன்னமே தீட்டப்பட்டவை, போகும் இடமும் ஒன்றுதான், தாயக்கட்டை விழுந்தபடி நகர்வதைத் தவிர ஆடுகிறவனுக்கு வேலையில்லை. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்பவர் 1860-இல் வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டுப் பலகையும், பாவ புண்ணியங்களைத் தாண்டி இன்பமான முதுமையைச் சேர்வதையே முடிவாகக் கொண்டிருந்தது. இன்றைய சிம்ஸில் வைகுண்டத்துக்குப் பதில் பதவி உயர்வும் பெரிய வீடும் வந்திருக்கின்றன. திரையின் மூலையில் ஏதாவதொரு ஆசை எப்போதும் மின்னிக்கொண்டே இருக்கும். நிறைவேற்றினால் புள்ளி உண்டு. சும்மா இருப்பதற்குப் புள்ளி கிடையாது.

இலக்கை வேண்டுவோரும் வேண்டாதோரும் ஒன்றாக ஆடுவதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதி நடைபாதையெல்லாம் பொம்மைக் கடையாகிவிடும். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் கொலு வைக்கும்போது, படிகளுக்குச் சாஸ்திரம் உண்டு: ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், கலசம் மேலே, மரப்பாச்சித் தம்பதிக்கு இன்ன இடம், அரிசி பருப்புக் கடை பரப்பிய செட்டியாரும் மனைவியும் கீழே. ஆனால் படிகளுக்குக் கீழே தரையில் குழந்தைகள் அமைக்கும் பார்க்குக்குச் சாஸ்திரமே கிடையாது. மணலைப் பரப்பி, நாலு நாள் முன்பே தூவிய கேழ்வரகு பச்சென்று முளைத்திருக்க, உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதன் கரையில் கோயிலையும், கோயிலுக்குப் பக்கத்தில் விமான நிலையத்தையும், கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு நடுவே ஒரு புலியையும் வைப்பார்கள், கேட்பாரில்லை. படி பிடித்தவர்கள் படியை அடுக்குகிறார்கள். பார்க் பிடித்தவர்கள் பார்க்கை அமைக்கிறார்கள். இரண்டும் ஒரே கொலு. நாளைய விளையாட்டும் அப்படி அமைய வேண்டும். படி வேண்டுகிறவனுக்கு இலக்கும் புள்ளியும் பட்டமும் தாராளமாக இருக்கட்டும். பத்துத் தலைமுறை ஒரே வம்சத்தை ஆடி முடிப்பது என்று ரசிகர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதங்கள்கூட இந்த விளையாட்டில் உண்டு, அவற்றுக்கும் இடம் வேண்டும். ஆனால் பார்க் வேண்டுகிறவன் முன்னால் புள்ளிப் பட்டியலைக் கொண்டு வந்து நீட்டாமல் இருக்கவும் அதற்குத் தெரிய வேண்டும்.

ஒரே பாதையில் நடத்திச் செல்லும் விளையாட்டை நான் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். டொரான்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியின் கதையைச் சமையல் வழியாகச் சொல்வது. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். இட்லித் தட்டில் எதை முதலில் வைப்பது என்று நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான பரிசைப் பெற்றது. அங்கே கதை ஆசிரியருடையது, நாம் வாசகர்கள், அந்த உடன்படிக்கை தெளிவாயிருப்பதால் குறையொன்றும் இல்லை. வாழ்க்கை விளையாட்டு தருகிற வாக்குறுதி வேறு. 'கதை உன்னுடையது' என்று சொல்லி விற்றுவிட்டு, பிறகு தன் கதையை நுழைப்பதுதான் தோஷம்.

இந்த வாக்குறுதியோடு களத்தில் இறங்கியவர்கள் யார்? சிம்ஸ் வரிசைக்குத் தலைமை வகித்திருந்த ராட் ஹம்பிள் முன்னின்று செய்துவந்த 'லைஃப் பை யூ', ஆடுகிறவனுக்கு எல்லா விதிகளையும் மாற்றும் உரிமை தருவதாகச் சொன்னது; அதைப் பாரடாக்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் வெளியிடாமலே கைவிட்டுவிட்டது. தென் கொரியாவின் கிராஃப்டன் 2025 மார்ச் 28 அன்று 'இன்ஜாய்' என்ற விளையாட்டை முன்னோட்டமாக வெளியிட்டது. அதில் நாம் ஊரை மேற்பார்வையிடும் ஓர் அலுவலகச் சிப்பந்தி. பாத்திரங்களின் செய்கைகளுக்குக் கர்மக் கணக்கு எழுதப்படும். கணக்குத் தீராமல் செத்தவன் பேயாக அலைவான். காட்சியின் அழகு பிரமிக்கத்தக்கது. மனிதர்களின் பேச்சில்தான் இன்னும் உயிர் ஊற வேண்டும். 2019-இல் அறிவிக்கப்பட்ட மான்ட்ரியலின் 'பாராலைவ்ஸ்', வளைந்த சுவர், கட்டத்துக்குள் அடங்காத அமைப்பு, இழுத்தால் நீளும் மேஜை என்று, தங்கை பெண்ணைப் போன்றவர்கள் கனவில் காண்பதையெல்லாம் காட்டியிருக்கிறது. விரிவுப் பொதிகளை விலைக்கு விற்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லைக் காப்பாற்றினால் அதுவே பெரிய காரியம்.

ஆனால் சுதந்திரம் என்றதும் நூறு பொத்தான்களைக் கொண்டுவந்து முன்னால் கொட்டுவதும் உபகாரமாகாது. அலுவலகத்திலிருந்து களைத்து வந்து அரைமணி நேரம் ஆட உட்காருகிறவன், முதலில் அறுபது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் கணினியை மூடிவிட்டுப் படுத்துவிடுவான். முதல் நாளில் ஒன்றும் கேட்காமல் நல்லபடி நடக்கும் ஊரைக் கொடுத்துவிட்டு, பழகப் பழக, வேண்டுகிறவன் வேண்டுகிற இடத்தில் விதியை மாற்றிக்கொள்ளும்படி விடுவதே விவேகம். கட்டுவோன், கலைப்போன், கதை சொல்வோன், வேடிக்கை பார்ப்போன் என்று ஆளைப் பிரித்து முத்திரை குத்தவும் வேண்டியதில்லை. தங்கை பெண்ணுக்கே ஒருநாள் தான் கட்டிய கூடத்தில் ஒரு குழந்தையைத் தவழவிடத் தோன்றலாம். தம்பி பிள்ளைக்கும் ஏணியைத் திரும்ப வைக்கும் வயது வரும்.

நிறுவனத்தாருக்கு நான் வைக்கும் விண்ணப்பம் சுருக்கமானது. விதிகளைச் செய்யுங்கள், ஆனால் அவற்றை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளும் திறவுகோலை ஆடுகிறவனிடமே கொடுங்கள். ஊர் தானே நடக்கட்டும். ஆனால் நடந்ததற்குக் காரணம் சொல்லட்டும். எட்டுப் பேருக்கு மேலும் ஒரு குடும்பத்தில் இருப்பார்கள், அவர்களுக்குத் தனித்தனிப் பணப்பை இருக்கும், மணியடிக்காமல் வாசலுக்கு வருகிற மனிதனும் உலகத்தில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இதை மட்டும் ஒரு விளையாட்டு செய்துவிட்டால், மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதை விலை கொடுத்து வாங்க எங்கள் வீட்டில் மட்டும் மூன்று பேர் தயார்.